காரமும் மூலமும்: கனிம வேதியியல் கலைச்சொற்களில் ஒரு பொருண்மைச் சிக்கல்

கனிம வேதியியலைத் தமிழில் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் சொல்லிணைகளுள் ஒன்று அமிலம் – காரம் என்பது. நெடுங்காலமாக வழங்கிவருவதாலேயே இவ்விணை போதிய ஆய்வுக்கு உட்படாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'பேஸ்', 'ஆல்கலி' என இருவேறு சொற்கள் சுட்டும் கருத்துகளுள் 'காரம்' எதனைச் சுட்டுகிறது என்பதே வினா.

சொல்வரலாறு தெளிவானது. 'காரம்', 'க்ஷார' என்னும் வடசொல்லின் வழிவந்தது. தாவரச் சாம்பலிலிருந்து எடுக்கப்படும் உப்பைக் குறித்தது. 'ஆல்கலி' என்பதன் அரபு வேரும் சாம்பலையே குறிக்கும். 'பேஸ்' வேறு வகையினது. அமிலத்தோடு கூடி உப்பாக உருப்பெறுவதற்கு அடித்தளமாக அமையும் பொருள் என்னும் கருத்தில் பிரெஞ்சு வேதியியலார் ரூயெல் 1754இல் அதனை ஆண்டார். முன்னைய இரண்டும் பொருளின் இயல்பு பற்றிய பெயர்கள். இது உறவு பற்றிய பெயர்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இயல்பு பற்றிய பெயரை உறவுக்கு உரியதாக்கின. அதன் விளைவாக, நீரில் கரையும் 'பேஸ்' ஆகிய ஆல்கலிக்கு 'எரிகாரம்' என அடைகொடுத்து வேறுபடுத்த நேர்ந்தது. அம்மோனியாவின் நீர்க்கரைசலும் ஆல்கலியே; ஆனால் வலிமை குன்றியது. அதனை எரிகாரம் என்பது எங்ஙனம் பொருந்தும்? மேலும், முதல் தொகுதி உலோகங்கள் 'கார உலோகங்கள்' என்றே வழங்குகின்றன; 'எரிகார உலோகங்கள்' என்று எவரும் எழுதுவதில்லை. ஆகவே ஒரே நூலில் ஓர் இயலின் காரம் 'பேஸ்'. மற்றோர் இயலின் காரம் 'ஆல்கலி'. (பொதுவழக்கில் உள்ள படிகாரத்தின் கரைசலோ அமிலத்தன்மை உடையது.)

விகுதி நிலையில் சிக்கல் மேலும் கூடுகிறது. 'காரத்தன்மை' என்பது இயல்பு. 'காரத்துவம்' என்பதோ அமில மூலக்கூறு ஒன்றில் பதிலீடு செய்யத்தக்க ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை. பாஸ்பாரிக் அமிலத்தின் காரத்துவம் 3. மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் இருந்தும் பாஸ்பரஸ் அமிலத்திற்கு 2. '-தன்மை', '-துவம்' ஆகிய இரண்டும் பொருளால் ஒன்றே. முன்னது தமிழில் தனிச்சொல்லாகவும் நிற்கும், பின்னது வடமொழி விகுதி என்பதே வேறுபாடு. அளவிடத்தக்க ஒரு கருத்தை இவ்வளவு மெல்லிய வேறுபாட்டின்மேல் நிறுத்தியது கலைச்சொல்லாக்கத்தின் பிழையே.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'பேஸ்' என்பதை 'மூலம்' என்றும் 'ஆல்கலி'யைக் 'காரம்' என்றும் பிரித்தாளுகின்றன. ரூயெலின் கருத்துக்கு 'மூலம்' மிக நெருங்கியது. குறையும் உண்டு. மூலகம், மூலக்கூறு, மூலம் என ஒருவேர்ச் சொற்கள் நெருங்கி வருகின்றன. 'சோடியம் ஐதரொட்சைட்டு மூலம் அமிலத்தை நடுநிலையாக்கும்' என்ற தொடரில் 'மூலம்' பெயரா சொல்லுருபா என மயக்கம் நேர்கிறது. எனினும் இது தொடர்நிலை மயக்கம். சொல்லுருபு வரும் இடத்தில் 'கொண்டு' என எழுதுவதை மரபாக்கினால் தீரும். 'காரம்' தருவது கருத்துநிலை மயக்கம். மொழிபெயர்ப்பாளரின் கைத்திறனால் அது தீர்வதன்று.

1923இல் லூயிஸ் அளித்த விளக்கம் வரும்போது இது முழுமையாக வெளிப்படுகிறது. எலக்ட்ரான் இணையை வழங்குவது 'பேஸ்'. அலுமினியம் குளோரைடோடு கூடும் குளோரைடு அயனியும் அவ்வகையினதே. 'குளோரைடு அயனி ஒரு காரம்' எனத் தமிழில் படிக்கும் மாணவர், சோடியம் குளோரைடின் கரைசல் நடுநிலையானதாயிற்றே எனத் தயங்குகிறார். அவர் வேதியியலைத் தவறாகக் கற்கவில்லை. சொல்லை அதன் நேர்ப்பொருளில் படித்திருக்கிறார்.