பனியைச் செய்தவர்கள்: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் திரைக்குப் பின்னிருந்த உழைப்பும் அதைப் பாராட்டும் முறையும்

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, தொலைக்காட்சித் தொடர், முதற்பொருள், கருப்பொருள், ஆடை வடிவமைப்பு, ஒளிப்பதிவு, ஆவணப்படம்

முன்னுரை

எச்.பி.ஓ. நிறுவனம் தயாரித்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் மிகுபுனைவுத் தொலைக்காட்சித் தொடர் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களில் 73 பகுதிகளாக ஒளிபரப்பானது. 2019 மே 19 அன்று வெளிவந்த இறுதிப் பகுதி பார்வையாளர் பலருக்கு ஏமாற்றமாக அமைந்தது. இறுதிப் பருவத்தைத் தகுதியுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் எனக் கோரிய இணைய விண்ணப்பத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். சான்சா பாத்திரத்தில் நடித்த சோஃபி டர்னர், 'நியூயார்க் டைம்ஸ்' நேர்காணலில் இதற்கு மறுப்புத் தெரிவித்தார். பல்லாண்டுகள் அயராது உழைத்த குழுவினருக்கு இவ்விண்ணப்பம் அவமரியாதை என்பதும், கடைசிப் பருவத்தில் அவர்கள் கண்விழித்த இரவுகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம்.

இம்மறுப்பில் நேர்மையான உணர்ச்சி உண்டு. ஆனால் தருக்கம் பிழையானது. விண்ணப்பமிட்டோர் குறை கூறியது கதையாக்கத்தை. அதற்கு விடையாக முன்வைக்கப்பட்டது தையற்காரரின் உழைப்பும் மின்பணியாளரின் உறக்கமிழப்பும். இவ்வாறு உழைப்பைக் கேடயமாக்கும்போது எழுத்தின் குறை மறைவதில்லை. உழைத்தவர் செய்த வேலையோ வாசிக்கப்படாமலே போகிறது. திரைக்குப் பின்னிருந்தோரை எத்தனை இரவு விழித்தனர் என்பதைக் கொண்டு பாராட்டுவதா, அவர்கள் செய்த பொருள் கதைக்குள் என்ன பொருள் தருகிறது என்பதைக் கொண்டு பாராட்டுவதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நிலமும் பொழுதும் செய்பொருளாதல்

தொல்காப்பிய அகத்திணையியல் பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலாயின கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது உரையாசிரியர் கொள்கை. ஐந்திணைப் பாடல்களுக்கு வகுக்கப்பட்ட இப்பகுப்பை அயல்நாட்டுத் தொடர் ஒன்றின் மீது அப்படியே ஏற்றிக் காட்டுவது ஆய்வாகாது. எனினும், இதனருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு துலங்குகிறது. சங்கப் புலவருக்கு நிலமும் பொழுதும் முன்பே உள்ளவை, அவர் தேர்ந்துகொள்கிறார். மிகுபுனைவுக்கு அவ்வாறு கைவசம் நிலம் இல்லை. நாவலாசிரியர் அதைச் சொல்லால் செய்து, எஞ்சியதை வாசகரின் மனத்துக்கு விட்டுவிடலாம். தொலைக்காட்சியில் எதையும் அவ்வாறு விட இயலாது. சுவர் வேண்டுமெனில் ஒருவர் சுவரைக் கட்ட வேண்டும். பனி வேண்டுமெனில் ஒருவர் பனியைச் செய்ய வேண்டும்.

இத்தொடரின் அரங்குகள் பல பெல்ஃபாஸ்ட் நகரின் 'பெயின்ட் ஹால்' கூடத்தில் அமைக்கப்பட்டன. டைட்டானிக் கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனத்தில், கப்பலின் பகுதிகளுக்கு வண்ணம் பூசுவதற்காகக் கட்டப்பட்ட கூடம் அது. கப்பல் தொழில் தளர்ந்த நகரின் வேலைக்கூடம் கற்பனை அரசுகளின் அரண்மனையாயிற்று. மக்ஹெராமோர்ன் கற்சுரங்கம் வடக்கெல்லைச் சுவரின் அடிவாரக் கோட்டையாயிற்று. சுவருக்கு அப்பாலுள்ள காட்சிகள் சில ஐஸ்லாந்தின் உண்மைப் பனியில் படமாக்கப்பட்டன. வேறு சில வட அயர்லாந்தில் செய்பனியில் எடுக்கப்பட்டன. இரண்டும் ஒரே நிலம் எனப் பார்வையாளர் ஐயமின்றி ஏற்க வேண்டும். அங்குதான் டெல் ரீட் என்பவரின் பணி வருகிறது. 'பனித் தலைவர்' என்னும் பொருள்படும் பதவிப்பெயர் அவருக்கு உண்டு. கேட்போருக்கு நகைப்பு வரலாம். ஆனால் குளிர்காலத்தின் வருகையையே முதன்மை அச்சமாகக் கொண்ட கதையில், பெரும்பொழுதைச் செய்து தருபவர் அவரே. கூரையில் தங்கும் பனி வேறு, நடந்து மிதித்த பனி வேறு, காற்றில் மிதந்து வீரரின் தோளில் அமரும் பனி வேறு. காகிதத் துகளைக் கொண்டு இவ்வேறுபாடுகளைக் காட்டுவது அலங்காரப் பணியன்று. அது முதற்பொருளைப் படைப்பது. அப்பனி பொய்யாகத் தோன்றியிருப்பின், வடநாட்டு மாந்தரின் அச்சமும் பொய்யாகவே தோன்றியிருக்கும்.

கருப்பொருளுள் யாழை எண்ணிய மரபுக்கு அயலாகாத ஒரு சான்றும் உண்டு. இசையமைப்பாளர் ரமின் ஜவாடி ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதி (2016) வரை இத்தொடரில் பியானோவைப் பயன்படுத்தவில்லை. பேராலயம் தகர்க்கப்படும் அந்தப் பகுதியின் தொடக்கத்தில் முதன்முறையாகப் பியானோ ஒலிக்கிறது. இந்த உலகிற்கு உரியதல்லாத ஒலி கேட்கிறது என்னும் உணர்வே வரப்போகும் அழிவை முன்னறிவிக்கிறது. பாத்திரம் எதுவும் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

ஆடை சொல்லும் கதை

திரைக்குப் பின்னிருந்தோரின் பணியை வாசிப்பதற்கு மிக வளமான இடம் ஆடையே. தொடரின் ஆடை வடிவமைப்பாளர் மிஷேல் கிளாப்டன். சுவர்க் காவலர் அணியும் கனத்த மேலாடைகள் ஐக்கியா கடையில் வாங்கிய தரைவிரிப்புகளிலிருந்து செய்யப்பட்டவை என 2016இல் அவர் கூறிய செய்தி உலகெங்கும் வியப்போடு பகிரப்பட்டது. வியப்பு இயல்பே. ஆனால் செய்தியாளர் பலரும் விரிப்பின் கடைப்பெயரோடு நின்றுவிட்டனர். அவ்விரிப்புகள் வெட்டப்பட்டன, மழிக்கப்பட்டன, தோல்வார் பொருத்தப்பட்டன, பின்னர் மெழுகும் உறைபனித் தோற்றமும் ஏற்றிப் பழமையாக்கப்பட்டன. புதிய ஆடையை உடுத்துப் பழகிய ஆடையாக்கும் இவ்வேலைக்குத் தனிப் பிரிவே உண்டு. குற்றவாளிகளும் வீடிழந்தோரும் சேரும் ஒரு காவற்படையில், ஆடையின் கிழிசலே அணிபவரின் வரலாறு. எவரும் தம் முன்கதையை உரைக்காமலே அவர்களின் குளிரும் வறுமையும் பார்வையாளருக்குத் தெரிவது பழமையாக்குநரின் கையால்.

மூன்றாம் பருவத்தின் எட்டாம் பகுதியில் (2013) சான்சா ஸ்டார்க், தன் குடும்பத்தின் பகைக்குலமாகிய லானிஸ்டர் குலத்து டிரியனுக்கு மணம் முடிக்கப்படுகிறாள். அவள் அணிந்த மணவாடையின் பூவேலை மிஷேல் கேரகர் என்னும் கைவினைஞருடையது. ஆடையைச் சுற்றி ஒரு பூவேலைப் பட்டை செல்கிறது. அதன் தொடக்கத்தில் தாய்க்குலமாகிய டல்லியின் மீனும் தந்தைக்குலமாகிய ஸ்டார்க்கின் ஓநாயும் பின்னிக் கிடக்கின்றன. பட்டை உடலைச் சுற்றிச் செல்லச் செல்ல லானிஸ்டரின் சிங்கம் தோன்றி ஓநாயை மேற்கொள்கிறது. பின்கழுத்தருகே சிங்கம் முத்திரையாகப் பதிகிறது.

இப்பட்டையை வெறும் குலச்சின்ன அலங்காரமாகக் கொள்ள இயலாது. சான்சாவின் வாழ்க்கையில் அதுவரை நிகழ்ந்ததும் அன்று நிகழ்வதும் கால வரிசையில் அதில் தைக்கப்பட்டுள்ளன. அவள் அதைச் சுமந்து நிற்கிறாள். ஆனால் கழுத்தின் பின்னுள்ள முத்திரையைத் தன் கண்ணால் காண அவளால் இயலாது. அவள் பின்னால் நிற்போரே காண்பர். உடைமையாக்கப்பட்ட பெண் தன் மீது இடப்பட்ட குறியைத் தான் காண முடியாத நிலையை உரையாடல் எதுவும் இத்தனைக் கூர்மையாகச் சொல்லவில்லை. இக்காட்சியைப் பற்றிப் பேசுவோர் சான்சாவின் கண்ணீரைப் பேசுகின்றனர். டிரியனின் இரக்கத்தைப் பேசுகின்றனர். உரிப்பொருள் அதுவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதைத் தாங்கும் துணி நூல்நூலாகக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. திரையில் அப்பட்டை முழுமையாகத் தெரிவதே இல்லை. தெரியாது என அறிந்தும் அதை முழுமையாகத் தைத்திருப்பதே கேரகரின் கலை நேர்மை.

இருளும் கோப்பையும்

கண்ணுக்குத் தெரியாதிருப்பதே இத்தொழில்களின் வெற்றி. தவறும்போது மட்டும் உலகின் கவனம் திரும்புகிறது. எட்டாம் பருவத்தின் நான்காம் பகுதியில் (2019 மே 5), விருந்துக் காட்சியில் டெனேரிஸ் முன் இக்காலக் காபிக் கோப்பை ஒன்று சில நொடிகள் தென்பட்டது. இரண்டு நாள்களுக்குள் எச்.பி.ஓ. அதை எண்ம முறையில் அழித்துவிட்டது. அரசி மூலிகைத் தேநீரே கேட்டிருந்தாள் என வேடிக்கையாக அறிக்கையும் விட்டது. எட்டுப் பருவங்களில் மேசைகளில் இடம்பெற்ற ஆயிரமாயிரம் கிண்ணங்களைச் செய்தவர், தேர்ந்தவர், பழமையாக்கியவர் எவர் என எவரும் கேட்டதில்லை. அரங்கப் பொருள் பிரிவினர் பலரின் பார்வைக்கு வந்தது அந்தச் சில நொடிகளில்தான். கோப்பைக்காக நகைத்தவரைக் குறை கூறவும் இயலாது. மிகுபுனைவில் ஒரு பொருள் பிறழ்ந்தாலும் நிலமே கலைகிறது. நகைப்பு அதை மெய்ப்பிக்கிறது.

மூன்றாம் பகுதியாகிய 'தி லாங் நைட்' (2019 ஏப்ரல் 28) இதனினும் சிக்கலானது. வின்டர்ஃபெல் போரைக் காட்டும் இப்பகுதிக்காக வட அயர்லாந்தின் மழையிலும் சேற்றிலும் 55 இரவுகள் படப்பிடிப்பு நடந்தது. இயக்கியவர் மிகெல் சபோச்னிக். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர். ஒளிபரப்பானதும் எதுவும் தெரியவில்லை என்னும் முறையீடே எங்கும் எழுந்தது. இருள் திட்டமிட்டதே எனவும், வீட்டுத் தொலைக்காட்சிகளின் அமைப்பைப் பலரும் சரிசெய்து வைப்பதில்லை எனவும் வாக்னர் விளக்கினார்.

அவர் கூற்றில் பாதி ஏற்கத்தக்கது. இறந்தோர் படையின் முதல் தாக்குதலில், டோத்ராக்கிக் குதிரை வீரரின் எரியும் வாள்கள் தொலைவில் ஒவ்வொன்றாக அணையும் காட்சி தொலைக்காட்சி ஒளிப்பதிவின் சிறந்த தருணங்களுள் ஒன்று. வெட்டு இல்லை, குருதி இல்லை. ஒளி குறைகிறது, அவ்வளவே. இருள் இங்கே பின்புலமாக நிற்காமல் பகைவனாகவே வருகிறது. மறுபாதி ஏற்கத்தக்கதன்று. தொலைக்காட்சியின் நிலம் வரவேற்பறை; சுருக்கப்பட்ட தரவோடை வழியே, விளக்கெரியும் அறையில் பார்ப்போரே இக்கலையின் பார்வையாளர். அவர்களின் கருவியைக் குறை கூறுவது மேடையின் கடைசி வரிசையில் அமர்ந்தவரின் செவியைக் குறை கூறுவது போன்றது. போரின் பிற்பகுதியில் எவர் எங்கே போரிடுகிறார் என்பதே புலப்படாத இடங்கள் உண்டு. 55 இரவுகளின் உழைப்பு அக்குறையை நீக்காது. குறையைச் சொல்வது அவ்வுழைப்பை இகழ்வதும் ஆகாது. வாள்கள் அணையும் காட்சியைப் போற்றவும் பிற்பகுதியைக் குறைகூறவும் ஒரே அளவுகோலே பயன்படுகிறது.

பாராட்டும் ஆவணப்படம்

தொடர் முடிந்த ஒரு வாரத்தில், 2019 மே 26 அன்று, ஜீனி ஃபின்லே இயக்கிய 'தி லாஸ்ட் வாட்ச்' ஆவணப்படம் ஒளிபரப்பானது. இறுதிப் பருவத்தின் படப்பிடிப்பை உடனிருந்து பதிவு செய்த படம் இது. விளம்பரப் படங்களின் வழக்கத்துக்கு மாறாக, புகழ்பெற்ற நடிகரைப் பின்னுக்குத் தள்ளிப் பிறரை முன்னிறுத்துகிறது. டெல் ரீட் இருக்கிறார். உணவு வண்டி நடத்தும் லீ மக்ரம் இருக்கிறார். ஸ்டார்க் படைவீரருள் ஒருவராக நின்ற துணை நடிகர் ஆண்ட்ரூ மக்லே இருக்கிறார். கூட்டத்தில் முகம் தெரியாத அந்த வீரருக்கு அவர் கொண்டிருக்கும் பற்று, முதன்மை நடிகர் எவருக்கும் குறைந்ததன்று. இரவு வேந்தனாக நடித்த சண்டைக் கலைஞர் விளாடிமிர் ஃபுர்டிக் இருக்கிறார். உலகமே அறிந்த முகம் ஒன்று, அதன் அடியில் எவரும் அறியாத முகம். ஃபின்லேயின் பார்வை கனிவானது. எவரையும் வேடிக்கைப் பொருளாக்குவதில்லை. இவ்வகைப் படங்களில் இது அரிது.

எனினும் படம் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. செயற்கை உறுப்பு ஒப்பனைக் கலைஞர்களான பாரி கோவர், சாரா கோவர் இருவரும் கணவன் மனைவியர். படப்பிடிப்பின் நீண்ட மாதங்களில் மகளைப் பிரிந்திருக்கும் துயரைச் சாரா பகிரும் இடம் படத்தின் மிக நேரிய தருணம். படம் அதைத் தியாகமாகக் காட்டுகிறது; பணி நேரத்தின் வினாவாகக் காட்டுவதில்லை. எத்தனை மணிநேரம், எவர் வகுத்த கால அட்டவணை, எவருக்கு அதை மறுக்கும் உரிமை என்பன கேட்கப்படுவதில்லை. ஆவணப்படத்தின் தயாரிப்பும் எச்.பி.ஓ.வையே சார்ந்தது என்பதை நினைவில் கொண்டால், கேட்கப்படாமை வியப்பளிக்காது. பனியைப் பார்க்கிறோம், பனி எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை ஓரளவே பார்க்கிறோம், செய்பவரின் களைப்பை நிறையப் பார்க்கிறோம். களைப்பு கண்ணீரை வரவழைக்கும், கலையைப் புரியவைக்காது. கேரகரின் பட்டை போன்ற ஒன்றை இரண்டு நிமிடம் அருகில் சென்று காட்டியிருந்தால், இப்படம் நன்றியறிதலைக் கடந்து திறனாய்வாக வளர்ந்திருக்கும்.

தொலைக்காட்சித் துறை வழங்கும் பாராட்டிலும் இதே பகுப்பு நிலவுகிறது. 2019ஆம் ஆண்டின் எம்மி விருதுகளில் இத்தொடரின் இறுதிப் பருவம் 32 பரிந்துரைகளைப் பெற்று 12 விருதுகளை வென்றது. சிறந்த நாடகத் தொடர், பீட்டர் டிங்க்லேஜின் துணை நடிப்பு ஆகிய இரண்டும் செப்டம்பர் 22 அன்று நேரலையாக ஒளிபரப்பான முதன்மை விழாவில் அறிவிக்கப்பட்டன. ஆடை, ஒப்பனை, இசை, படத்தொகுப்பு, ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை, காட்சி விளைவு, சண்டைப் பயிற்சி உள்ளிட்ட எஞ்சிய பத்தும் அதற்கு ஒரு வாரம் முன்பே, கலைத்தொழில்களுக்கென ஒதுக்கப்பட்ட வேறொரு விழாவில் வழங்கி முடிக்கப்பட்டிருந்தன.