கொச்சையும் எழுத்தும்

பேச்சை அப்படியே எழுதிவிட்டேன் என்று ஒரு கதாசிரியர் மார்தட்டினால் எனக்குச் சற்றுச் சந்தேகம் உண்டாகிறது. தமிழில் அது நடக்கிற காரியமில்லை. 'வந்தான்' என்பதை நாம் எப்படிச் சொல்கிறோம்? கடைசி 'ன்' நாவில் படுவதில்லை. 'தா' மூக்கோடு ஒலித்து நின்றுவிடுகிறது. அந்த மூக்கொலிக்கு நம்மிடம் எழுத்துக் கிடையாது. சரி, காதில் விழுந்தபடி 'வந்தா' என்று போடுவோமென்றால், வந்தவன் பெண்ணாகிவிடுகிறான்! 'வந்தாள்', 'வந்தால்' இரண்டும் பேச்சில் 'வந்தா'தானே? ஆக, இலக்கணப்படி 'வந்தான்' என்று எழுதுவதுதான் இங்கே பேச்சுக்கு நெருக்கம். மூக்கை வாசகர் தாமே சேர்த்துக்கொள்வார்.

எழுத்தைத் திருத்தினால் போகிறது என்பார்கள். எகர ஏகாரங்களுக்கு இன்றுள்ள வேற்றுமையை வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வகுத்தார். 1978-ல் தமிழக அரசு, பெரியார் வற்புறுத்திவந்த சீர்திருத்தத்தை ஏற்று, ணா, றா, லை முதலியவற்றின் உருவத்தை மாற்றியது. அச்சுக் கோப்பவருக்குச் சௌகரியம். ஆனால் அது ஒலியைத் தொட்ட திருத்தமல்ல.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஒரே அத்தியாயத்தில் வக்கீல் 'சொன்னார்கள்' என்கிறார்; அவர் வீட்டுத் தோட்டக்காரன் 'சொன்னாங்க' என்கிறான். எந்த வக்கீல், ஐயா, தம் வீட்டுக் கூடத்தில் 'சொன்னார்கள்' என்று பேசுகிறார்? அவர் வாயிலும் 'சொன்னாங்க'தான், அக்ரஹாரத்துக்காரரானால் 'சொன்னா'. இருவருமே பேசுவது கொச்சை. ஒருவருக்கு மட்டும் ஆசிரியர் எழுத்தைத் திருத்திக் கொடுத்துவிடுகிறார். மற்றவனை அப்படியே விட்டுவிடுகிறார். காதில் கேட்டதையா எழுதுகிறார்? யார் நாற்காலியில் உட்காரலாம், யார் கைகட்டி நிற்கவேண்டும் என்பதை எழுதுகிறார். 'சாப்புட்டேன்' என்று அச்சிட்டதும் அவன் வாசகர் மனத்தில் படிக்காதவன் ஆகிவிடுகிறான். அப்படிச் சொல்லாத பட்டதாரி ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

ராஜமய்யர் இந்தத் தவற்றில் விழவில்லை. 1893-ல் 'விவேக சிந்தாமணி'யில் தொடங்கிய 'கமலாம்பாள் சரித்திர'த்தில் வம்பர் மகாசபையைக் கூட்டியபோது, தம்மவர்களின் பேச்சையே கொச்சையாக எழுதத் துணிந்தார். கொச்சை அங்கே ஏழையின் அடையாளமல்ல.

கி. ராஜநாராயணன் இன்னும் ஒருபடி மேலே போனார். பாத்திரங்கள் கிடக்கட்டும், கதை சொல்கிறவனையே கரிசல் பேச்சில் பேசவிட்டார். திருத்திய தமிழில் மேலே உட்கார்ந்துகொண்டு எவரையும் பார்க்க அங்கே ஆளில்லை. கரிசல் பழகாத வாசகர் முதல் இரண்டு பக்கம் சற்றுத் திணறுவார். மூன்றாம் பக்கத்தில் காது திறந்துவிடும்.