பாதத்தில் எழுதிய பெயர்

பிக்ஸார் ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் சித்திரப் படங்களைப் பிடிக்காது என்று சொல்லும் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. இதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. எல்லோருக்கும் பிடித்திருக்கிற ஒன்றை, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்பதற்காகவே நிராகரிக்கும் பழக்கம் நம் வட்டத்தில் உண்டு. அதில் நியாயமும் உண்டு, சோம்பேறித்தனமும் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் நானும் அந்த எல்லோரில் ஒருவன். 1999-ல் வந்த 'டாய் ஸ்டோரி 2'ல், ஜெஸ்ஸி என்ற பொம்மை பெட்டியோடு சாலையோரத்தில் விடப்படும் இடத்தில் நான் அழுதேன். அழுதுவிட்டு, ஏன் அழுதேன் என்று கேட்டுக்கொள்ளாமல் இருப்பது விமர்சகனுக்கு அழகல்ல.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. டெக்னிக் அபாரம் என்பது முதலாவது. டெக்னிக் பழசாகும். 1995-ல் வந்த 'டாய் ஸ்டோரி' முழுக்கவும் கம்ப்யூட்டரில் செய்யப்பட்ட முதல் முழுநீளப் படம். இன்று பார்த்தால் அதில் வரும் மனிதர்களும் நாயும் பிளாஸ்டிக்கில் வார்த்தவை போலத்தான் இருக்கின்றன. ஆனால் படம் பழசாகவில்லை. கதை என்பது இரண்டாவது. கதை என்று பார்த்தால், வழிதவறிப் போன இருவர் சண்டை போட்டுக்கொண்டே வீடு திரும்புவதுதான் அவர்களுடைய பல படங்களின் கதை. மூன்றாவது, குழந்தை உள்ளம், கள்ளமின்மை இத்யாதி. இதைச் சொல்பவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. 2010-ல் வந்த மூன்றாம் பாகத்தில், குப்பை எரிக்கும் உலையை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கும் பொம்மைகள், தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் போராடுவதை நிறுத்திவிட்டு ஒன்றின் கையை ஒன்று பற்றிக்கொள்கின்றன. இதில் கள்ளமின்மை எங்கே இருக்கிறது? சாவை யோசித்துப் பார்த்தவர்கள் எழுதிய காட்சி அது.

காரணத்தை ஆரம்பத்தில் தேட வேண்டும். 1986-ல் லூகாஸ்பிலிம் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவை ஸ்டீவ் ஜாப்ஸ் வாங்கினார். அதுதான் பிக்ஸார் ஆயிற்று. கம்ப்யூட்டர் விற்பதே அப்போது தொழில். படம், கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்று காட்டுவதற்காக. அந்த வருஷம் டல்லாஸில் கம்ப்யூட்டர் சித்திரக்காரர்கள் கூடிய மாநாட்டில் ஜான் லாஸட்டர் 'லக்ஸோ ஜூனியர்' என்ற இரண்டு நிமிஷப் படத்தைத் திரையிட்டார். ஒரு பெரிய மேஜை விளக்கு, ஒரு சின்ன மேஜை விளக்கு, ஒரு பந்து. அவ்வளவுதான். படம் முடிந்ததும் ஜிம் பிளின் என்ற விஞ்ஞானி அவரிடம் வந்தார். நிழல்களை எந்தக் கணக்கில் விழவைத்தாய் என்று கேட்கப் போகிறார் என்று லாஸட்டர் பயந்தாராம். பிளின் கேட்டது வேறு: பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா? லாஸட்டரே பின்னால் சொன்ன சம்பவம் இது.

விளக்குக்குக் கண் இல்லை, வாய் இல்லை, முகம் இல்லை. கூம்பு சாய்ந்தால் துக்கம், நிமிர்ந்தால் உற்சாகம். ஏன் விளக்கு? அன்றைய கம்ப்யூட்டருக்கு வழுவழுப்பான, கெட்டியான பொருள்கள்தான் கைவந்தன. தோல் வராது, மயிர் வராது, துணி வராது. இரண்டு வருஷம் கழித்து, 1988-ல், 'டின் டாய்' என்ற குறும்படத்தில் ஒரு தகரப் பொம்மையோடு ஒரு கைக்குழந்தையையும் செய்து பார்த்தார்கள். அதற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. இன்று அதைப் பார்ப்பவர்களுக்குத் தகரப் பொம்மை உயிரோடு இருக்கிறது. குழந்தைதான் பிணம் போலப் பயமுறுத்துகிறது. பிக்ஸாரின் கலை இந்த இயலாமையிலிருந்து பிறந்தது என்பது என் அபிப்ராயம். தோல் செய்ய வராதவர்கள், தோல் இல்லாதவற்றின் உயிரைத் தேடிப் போனார்கள்.

இதை நான் ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். தோல் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் தகப்பனார் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். உப்புப் போட்டு வரும் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிரை நீக்கி, சதையைச் சீவி, ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும், பிறகு குரோமில் பதனிட்டு, நீலம் பாரித்த ஈரத் தோலாக வெளியே எடுப்பார்கள். அதன் பிறகு அதை எதுவாக வேண்டுமானாலும் ஆக்கலாம். சூடான தகட்டை வைத்து அழுத்தினால் மாட்டுத் தோலில் முதலையின் செதில் விழுந்துவிடும். மேற்பரப்பைப் பார்த்து நான் அசந்துபோவதில்லை. 2001-ல் வந்த 'மான்ஸ்டர்ஸ், இன்க்.'கில் ஸல்லி என்ற ராட்சதனின் உடம்பில் 20 லட்சத்துக்கு மேல் மயிர்களைத் தனித்தனியாக அசைத்தார்கள் என்றால், சந்தோஷம். ஆனால் அந்த ராட்சதன் நமக்கு நெருக்கமாவது, ஒரு சின்னப் பெண்ணைப் பயமுறுத்திவிட்டோம் என்று அவன் உணர்ந்து குறுகும் இடத்தில்தான்.

மேற்பரப்பையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. 2014-ல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'கோச்சடையான்'. நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து கம்ப்யூட்டர் உருவங்களுக்கு மாற்றிய படம். முயற்சியைக் குறைத்துப் பேச மாட்டேன்; நமக்கு அன்றிருந்த பணமும் அவகாசமும் எவ்வளவு என்று யோசிக்க வேண்டும். ஆனால் அதன் லட்சியமே தவறு. ரஜினிகாந்தைப் போலவே ஒரு ரஜினிகாந்த்; 2009-ல் இறந்துபோன நாகேஷைப் போலவே ஒரு நாகேஷ். நாகேஷ் என்ற கலைஞன் உடம்பு முழுவதையும் ஒரு கேலியாக மாற்றத் தெரிந்தவன். அவனுடைய சாயலை எடுத்து உருவத்தின் மேல் போர்த்தினால் நாகேஷ் வந்துவிடுவானா? சீவி எடுத்த தோல் மாடு ஆகாது. எங்கள் ஊரில் சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும்.

இத்தனைக்கும் இந்த ரகசியம் நம் கையில் இருந்தது. தோல்பாவைக் கூத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்டுத் தோலை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கி, வெட்டி, சாயம் தீட்டி, நகைகளுக்கும் ஆடைக்கும் சின்னச் சின்னத் துளைகள் இட்டு, வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுகிறார்கள். அந்தத் தோல், தான் ராமனின் தோல் என்று சொல்லிக்கொள்வதில்லை. பக்கவாட்டில் தட்டையாக நிற்கிறது. கை மட்டும் அசைகிறது. பார்க்கிறவன் மிச்சத்தைத் தருகிறான். லக்ஸோ விளக்குக்கும் அந்தப் பாவைக்கும் உள்ள தூரம், அந்த விளக்குக்கும் கோச்சடையானுக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு.

சரி, தோலற்ற பொருள்களுக்குள் அவர்கள் கண்ட உயிர் என்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. முதல் 'டாய் ஸ்டோரி'யில், தான் உண்மையான விண்வெளி வீரன் என்று நம்பிக்கொண்டிருக்கும் பஸ் என்ற பொம்மை, டெலிவிஷனில் தன்னைப் போல ஆயிரம் பொம்மைகள் விற்பனைக்கு இருப்பதைப் பார்க்கிறது. தன் கையில் உள்ள மூடியைத் திறந்தால், தைவானில் செய்யப்பட்டது என்று பொறித்திருக்கிறது. அது இடிந்துபோகிறது. அதை மீட்பது இன்னொரு எழுத்து. அதன் பாதத்தில், அதற்குச் சொந்தக்காரனான பையன் மையால் எழுதிய தன் பெயர். பெயர் ஆண்டி. (தமிழில் இந்தப் பெயருக்கு உள்ள அர்த்தத்தை அந்த ஸ்டூடியோவில் யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்தால் ரசித்திருப்பார்கள்.) இரண்டாம் பாகத்தில் ஊடி என்ற பொம்மையைப் பழுதுபார்க்கும் கிழவர் பூட்ஸின் அடியில் உள்ள அந்தப் பெயரின் மேல் வர்ணம் பூசி மறைக்கிறார். பிறகு ஊடி அந்த வர்ணத்தைச் சுரண்டிப் பெயரை மீட்பதுதான் படத்தின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். துரத்தல்களும் விமான நிலையமும் உபரி.

இது நமக்குப் புதிய உணர்ச்சி அல்ல. ஆட்படுதல். ஒருவனுக்கு உடைமையாக இருப்பதில் கிடைக்கும் ஆனந்தமும், அவன் கைவிட்டுவிடுவானோ என்ற நடுக்கமும். நம் பக்தி இலக்கியம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது. அங்கே அடியானின் தலையில் ஆண்டவனின் பாதம்; இங்கே அடியானின் பாதத்தில் ஆண்டவனின் பெயர். கடவுள் வளர்ந்து பெரியவனாகிக் கல்லூரிக்குப் போய்விடுவான் என்பது மட்டும்தான் வித்தியாசம். கைவிடப்படும் பயம் இல்லாத மனிதன் இல்லை. அதை மனிதர்களை வைத்துச் சொன்னால் நாம் வெட்கப்படுவோம், அல்லது மிகையுணர்ச்சி என்று தப்பித்துக்கொள்வோம். ஒரு பொம்மையை வைத்துச் சொல்லும்போது நமக்குத் தடுப்பு இல்லை. பிக்ஸார் படங்கள் நேசிக்கப்படுவதன் காரணம் இதுதான் என்று முடித்துவிடலாம்.

முடிக்க விடாதவள் என் அக்கா. ஷூ கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் ஷூவின் மேல்பாகம் தைத்தவள். விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறி, இருட்டிய பிறகு இறங்கியவள். அவளுடைய பையனின் லேப்டாப்பில் இரண்டு படங்களையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்தோம். கிழவர் ஊடியின் கிழிந்த கையைத் தைக்கும் இடத்தில் திரையை நிறுத்தச் சொல்லி, திரும்பவும் பார்த்தாள். தையலைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு கேட்டாள்: "ஏண்டா, செஞ்ச ஊரு பேரு இருக்குது. வச்சிருக்கிறவன் பேரு இருக்குது. அந்தப் பொம்மைய மொதல்ல தைச்சவ பேரு எங்கடா?"

என்னிடம் பதில் இல்லை. ஆம்பூரிலிருந்து போகும் ஷூக்களுக்கும் இந்த இரண்டு எழுத்துக்கள்தான். உள்ளே இந்தியாவில் செய்யப்பட்டது என்று ஒரு முத்திரை. வெளியே ஏதோ ஒரு வெளிநாட்டு வியாபாரப் பெயர். தைவானில் அந்தப் பொம்மையை அச்சில் வார்த்தவர்கள் பஸ்ஸின் துக்கத்தில் ஓர் அவமானமாக மட்டுமே வருகிறார்கள். உன்னைச் செய்தார்கள் என்பது துக்கம். உன்னை வைத்திருக்கிறார்கள் என்பது மோட்சம். வாங்குகிறவனுக்கு இதைவிட ஆறுதலான தத்துவம் கிடையாது. தன்னிடம் உள்ள பொருள்கள் எல்லாம் தன்னை நேசிக்கின்றன என்று அவன் நம்பலாம். பயன்படுவதே பொருளின் ஆனந்தம் என்று சொல்லும்போது எனக்கு மேஸ்திரியின் குரல் கேட்கிறது.

2008-ல் வந்த 'வால்-இ'யில், மனிதர்கள் கைவிட்டுப் போன பூமியில் குப்பை அமுக்கும் இயந்திரம் ஒன்று எழுநூறு வருஷமாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. முளைத்த ஒரே செடியை ஒரு பழைய பூட்ஸுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறது. பார்ப்பவர்களுக்கு அது காதல் கதை. பாலாற்றின் மாசு பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதை ஒட்டி மூடப்பட்ட ஒரு ஷாப்பின் வாசலில் என் தகப்பனார் பல மாதங்கள் தினமும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். தீர்ப்பு சரி, ஆறு செத்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர் அங்கே போய் எதற்காக உட்கார்ந்தார் என்பதை எனக்குப் புரியவைத்தது வால்-இதான். இதற்காக அந்தப் படத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அக்காவின் கேள்வியையும் மறக்க முடியவில்லை.

பிக்ஸாருக்கு அந்தக் கேள்வி தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. 2017-ல் லீ அன்கிரிச் இயக்கிய 'கோகோ' செருப்புத் தைக்கும் ஒரு மெக்ஸிகோ குடும்பத்தின் கதை. பாட்டுக்காகக் கணவன் வீட்டைவிட்டுப் போனதும் இமெல்டா செருப்புத் தைக்கக் கற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். செத்தவர்களை உயிரோடிருப்பவர்கள் மறந்தால் அவர்கள் இரண்டாவது தடவை சாகிறார்கள் என்பது படத்தின் விதி. அந்தக் கணவனைக் கொன்று, அவனுடைய பாட்டுகளைத் தன்னுடையவை என்று சொல்லிப் புகழடைந்தவன் ஒருவன். ஆக, செய்தவனின் பெயரைத் திருடுவது கொலை என்ற இடம்வரை பிக்ஸார் வந்துவிட்டது. ஆனால் பாட்டுக்குத்தான் பெயர் திரும்பக் கிடைக்கிறது. இமெல்டா தைத்த செருப்புகளுக்கு யாரும் பெயர் கேட்கவில்லை. பாட்டு சிருஷ்டி, செருப்பு பிழைப்பு. இந்தப் பாகுபாட்டை நாமும்தான், நம் பத்திரிகைகளிலும்தான், யோசிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பிக்ஸார் படம் முடிந்ததும் பெயர்கள் ஓடுகின்றன. நூற்றுக்கணக்கான பெயர்கள். முதல் 'டாய் ஸ்டோரி'யிலிருந்தே, படம் தயாரான வருஷங்களில் அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களைக் கூடப் போடுகிறார்கள். எல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது என்று ஊரெல்லாம் நினைக்கும் ஒரு தொழிலில், வருஷக்கணக்காக ஒரு பொம்மையின் தோள்பட்டையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவனுக்கு, மறக்கப்படுவது என்றால் என்ன என்று தெரிந்திருக்கும். ஊடியின் பயமும் ஜெஸ்ஸியின் பயமும் அவனிடமிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சொந்தக்காரனின் காதல் கதையாக வேஷம் போட்டுக்கொண்டு வருவது, செய்தவனின் பயம். நாம் அழுவது அதைக் கேட்டுத்தான்.

ஷாப்பில் இன்ன சரக்கு என்று தெரிவதற்காகத் தோலின் ஓரத்தில் அடையாளத் துளை போடுவார்கள். சுண்ணாம்புக்கும் குரோமுக்கும் சாயத்துக்கும் அது அழியாது. ஷூவுக்கு வெட்டும்போது ஓரம் கழிவோடு போய்விடும். அன்று படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் பையன் லேப்டாப்பை மூடப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கடைசிப் பெயர் வரைக்கும் பார்த்தாள்.