பள்ளி மணியும் பிள்ளைப் பாட்டும்

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகம் வேண்டாதது. மறுநாள் விடுதலை என்ற செய்தியோடு அது தொடங்குகின்றது. பின்னர் அரிசி இடிபடுகின்றது, பயறு வறுபடுகின்றது, தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் வந்து சேர்கின்றன, ஈற்றில் பிள்ளைகள் பலாவிலையைக் கோலிக் கூழ் குடிக்கின்றனர். இப்பாட்டைப் போற்றுவோர் பெரும்பாலும் கூழிலும் கொழுக்கட்டையிலும் நின்றுவிடுகின்றனர். முதலில் வரும் விடுதலைச் செய்தியையே முதற்கண் நோக்கல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் அச்சொல் பள்ளிக்கூட விடுமுறையைக் குறிக்கும். சமயமும் அரசியலும் அதன்மேல் ஏற்றிவைத்த பாரம் எதுவும் இங்கில்லை. திருநாள் வருகின்றதென்று தொடங்காது, நாளைக்குப் பள்ளியில்லை என்று தொடங்கும் எண்ணம், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே காலத்தைக் கழித்த ஒருவருக்குத் தோன்றுவதாகும். விடுமுறையை மாணவனுக்கு நிகராக விரும்புபவன் ஆசிரியனே என்பதை ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளத் தயங்கினும் மாணவர் அறிவர்.

புலவர் (1878 - 1953) வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். தம் புலமையின் பெரும்பகுதியை அவர் செலவிட்டது சிறுவருக்காகவன்று. அட்டகிரி முருகன்மீது பதிகம் பாடினார். நாமகள் புகழ்மாலை பாடினார். பனையின் பெருமை கூறும் தால விலாசமும் இயற்றினார். பிள்ளைகளுக்காகப் பாடியவை அப்பெருந்தொகையுள் ஒரு சிறு கூறு. அவை 'சிறுவர் செந்தமிழ்' எனத் தொகுக்கப்பெற்று நூலுருப் பெற்றது 1955 இல், அவர் மறைந்து ஈராண்டுகள் கழிந்த பின்னராகும். எனினும் 'தங்கத் தாத்தா' என்று அவரை மக்கள் அழைத்தது அச்சிறு கூற்றுக்காகவே. தால விலாசத்தை இன்று தேடிப் படிப்போர் புலவர் சிலர். வெருளியை அறியாத பிள்ளை அரிது.

இந்நிலை சோமசுந்தரப் புலவருக்கு மட்டும் உரியதன்று. தமிழிற் குழந்தைகளுக்காக எழுதியோருள் மிகப் பலர் அதனாற் சீவியம் நடத்தியவரல்லர். பகலில் ஓர் உத்தியோகம். எஞ்சிய பொழுதில் எழுத்து. இதனைத் தியாகமாகக் கண்டு புகழ்வது வழக்கம். திறனாய்வுக்கு அப்புகழ்ச்சி பயன்படாது. எழுத்தாளனின் அன்றாட வேலை அவன் கையாண்ட இலக்கிய வடிவத்தை எவ்வாறு வகுத்தது என்பதே கேட்கத்தக்க வினா. குழந்தை இலக்கியத்தில் இத்தொடர்பு ஏனைய துறைகளிற் காணப்படுவதிலும் தெளிவாகத் தெரிகின்றது.

ஈழத்தில் அவ்வேலைத்தலம் பள்ளிக்கூடமாய் அமைந்தது. 1935 இல் வெளிவந்த 'பிள்ளைப் பாட்டு' என்னும் தொகுதி இதற்குச் சான்று. வித்தியாதிகாரியாயிருந்த க. ச. அருள்நந்தியின் முயற்சியால் நிகழ்ந்த போட்டியொன்றின் விளைவு அது; வெளியிட்டது வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம். கீழ்வகுப்பு மாணவர்க்கு ஏற்ற பாட்டில்லை என்ற குறையைக் கல்விப் பகுதியினர் உணர்ந்தனர். ஆசிரியர்கள் பாடிக் கொடுத்தனர். நவீன ஈழத்துக் குழந்தைப் பாடலின் பிறப்பில் பதிப்பாளனுக்கோ, பத்திரிகைக்கோ, விலைகொடுத்து வாங்கும் வாசகனுக்கோ குறிப்பிடத்தக்க இடமிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பிறந்த பாட்டுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அது கரும்பலகையில் அடங்கவேண்டும். பிள்ளைகள் கொப்பியிற் பார்த்தெழுதி முடிக்குமுன் மணி அடிக்கக்கூடாது. நாற்பது குரல்கள் ஒருமித்துச் சொல்லும்போது சந்தம் இடறலாகாது. வீட்டிற் புத்தகம் இல்லாத பிள்ளையும் அதனை நெஞ்சில் வைத்துக் கொண்டுபோகவேண்டும். இந்நிபந்தனைகள் பாட்டுக்குக் கேடு செய்தன என்று கருதுவது தவறு. மாறாக, பெரியோர்க்கெழுதிய கவிஞனுக்குக் கிடைக்காத ஒரு சோதனைக்களம் ஆசிரியக் கவிஞனுக்கு நாள்தோறும் கிடைத்தது. பாட்டுச் சுவைக்காவிடிற் பின்வாங்கிலிருப்பவன் யன்னலூடாக வெளியே பார்க்கத் தொடங்குவான். அதனினும் நேர்மையான விமரிசனம் இல்லை.

கத்தரித்தோட்டத்து வெருளியைப் பற்றிய பாட்டு இச்சோதனையில் தேறியதற்குக் காரணம் அதன் நகைச்சுவை. தோட்டத்தின் நடுவே நிற்கும் வைக்கோற் பொம்மையை ஒரு சேவகனாகப் பாவித்துப் பிள்ளை பேசுகின்றது. கண்ணிமையாது நிற்கிறாய், உறக்கமும் இல்லை, கூலியும் வாங்குவதில்லை, உன்னைப்போல் வேலைசெய்பவன் யார் என்று வியக்கின்றது. வியப்புப் போலவே கேலி. கேலி போலவே இரக்கம். இங்கு நீதி எதுவும் புகட்டப்படவில்லை. உழைப்பே உயர்வு என்றொரு வரியை ஈற்றில் ஒட்டுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தும் புலவர் ஒட்டவில்லை. கூலி வாங்காத அச்சேவகனைக் குழந்தை எழுத்தாளனுக்கே உவமையாக்கலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனாற் புலவருக்கு ஆசிரியச் சம்பளம் இருந்தது. அச்சம்பளமே பாட்டுக்குப் பின்னாலிருந்த கொடையாளி என்பதை மறத்தலாகாது.

புலவரை அடுத்து வந்தோரும் இவ்வழியே வந்தனர். வேலணையிற் பிறந்து பரமேஸ்வராக் கல்லூரியிற் கற்பித்த வேந்தனார் (1918 - 1966) தாயைப் பற்றிப் பாடிய பாட்டுப் பாடநூல் வழியே பரவி, பாடியவரின் பெயர் மறந்த பின்னரும் நிலைத்திருப்பது. அம்பி விஞ்ஞானமும் கணிதமும் கற்பித்தவர். பின்னர்ப் பாடநூலாக்கத்தில் ஈடுபட்டவர். அவரது 'அம்பிப் பாடல்' 1969 இல் வந்தது. 'கொஞ்சும் தமிழ்' 1992 இல், அவர் ஈழத்தை விட்டுப் புறநாடு சென்ற பிறகு வந்தது. பாட்டு எங்கும் கொண்டுசெல்லக்கூடிய வடிவம். நடந்து வரும்போது கட்டலாம். பஸ்ஸுக்குக் காத்து நிற்கையிலே திருத்தலாம். விடைத்தாள் திருத்தும் இரவுகளுக்கிடையிலும் நான்கு வரி பிறக்கும். இருநூறு பக்கக் கதையொன்று அவ்வாறு பிறவாது. நேற்று விட்ட இடத்தை இன்று எடுத்துத் தொடர்வதற்குரிய ஒழுங்கான பொழுது அதற்கு வேண்டும். ஈழத்துக் குழந்தை இலக்கியத்திற் பாட்டுச் செழித்தும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கான நெடுங்கதை மெலிந்தும் இருப்பதன் காரணங்களுள் ஒன்று இங்கேயுள்ளது.

ஆயின் உத்தியோகத்தின்மீதே பழி முழுவதையும் சுமத்திவிட முடியாது. தமிழகத்து அழ. வள்ளியப்பா (1922 - 1989) ஆசிரியரல்லர். 1941 இல் இந்தியன் வங்கியிற் சேர்ந்து ஓய்வுபெறும்வரை அங்கே பணிபுரிந்தவர். 1944 இல் 'மலரும் உள்ளம்' வெளிவந்தபோது அவர் வங்கி ஊழியர். 1950 இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியபோதும் வங்கி ஊழியர். 'பூஞ்சோலை'யை நடத்தியதும் அவ்வேலையோடேயே. கணக்கேட்டை மூடிய பின்னர் எஞ்சிய நேரத்தில் ஒருவர் தாம் எழுதியதோடமையாது, ஏனையோரையும் எழுதவைத்தார் என்பது அவரது பாடல்களினும் பெரிய சாதனை. உரைநடையும் நிறைய எழுதினார். இருந்தும் நிலைத்த பெயர் குழந்தைக் கவிஞர் என்பதே. ஆங்கிலத்திலும் ஒரு வங்கியாளர் உண்டு. இங்கிலாந்து வங்கியின் செயலாளராயிருந்த கெனத் கிரஹாம், நதிக்கரைப் பிராணிகளைப் பற்றிய தமது புகழ்பெற்ற நெடுங்கதையை வெளியிட்டது 1908 இல். அவர் வங்கியை விட்டு விலகியதும் அவ்வாண்டிலேயே.

இதற்கு மறுதலையான சான்று சுவீடனிலிருந்து கிடைக்கின்றது. அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1945 இல் 'பிப்பி' கதையால் அறியப்பட்டவர். அடுத்த ஆண்டிலிருந்து 1970 வரை பதிப்பகமொன்றிற் சிறுவர் நூல்களின் பதிப்பாசிரியராக உழைத்தார். காலையிற் படுக்கையிலிருந்தவாறே சுருக்கெழுத்திற் கதை எழுதுவார். பிற்பகலில் அலுவலகம் சென்று பிறர் கதைகளைத் திருத்துவார். அவருக்கும் உத்தியோகம் இருந்தது. ஆனால் அது நாளின் பாதியையே கொண்டது. அதனிலும் முக்கியம், அவ்வலுவலகத்தின் வாணிகமே குழந்தை நூல். தமிழகத்தில் இதற்கு நெருங்கிவருபவர் வாண்டுமாமா என்ற வி. கிருஷ்ணமூர்த்தி. 'கோகுலம்', 1984 இல் தோன்றிய 'பூந்தளிர்' ஆகிய இதழ்களின் அலுவலகங்களே அவருக்குத் தொழிற்களம். கதையும் சித்திரக்கதையும் அறிவியற் கட்டுரையுமாக அவர் எழுதிக் குவித்தவற்றை வாரந்தோறும் மாதந்தோறும் வந்த இதழின் பசி வேண்டி நின்றது. ஆசிரியனைப் பள்ளி மணி ஆண்டதுபோல் அவரை அச்சகம் ஆண்டது. பள்ளிக்கூடம் பாட்டைக் கேட்டது. இதழ் தொடர்கதையைக் கேட்டது. ஈழத்திற் குரும்பசிட்டியிலிருந்து மு. க. சுப்பிரமணியம் நடத்திய 'வெற்றிமணி' போன்ற முயற்சிகள் இருந்தன. ஆனால் எழுத்தாளனொருவனுக்கு மாதச் சம்பளம் கொடுத்துக் கதைக்கென்றே இருத்தும் வலிமையுள்ள சிறுவர் இதழ் இங்கு வளரவில்லை.

பள்ளிக்கூடம் செய்த உதவியைக் கூறியபோது அது விளைத்த குறையையும் கூறுதல் நியாயம். ஆசிரியன் வகுப்பில் நிற்பவனாக மட்டும் இருந்தவரை பாட்டுப் பிழைத்தது. பாடவிதானத்தின் குரலாக அவன் மாறியபோது சுகாதாரமும் சிக்கனமும் கீழ்ப்படிவும் எதுகை மோனை அணிந்து வரலாயின. பல் துலக்குமாறு கட்டளையிடும் பாட்டுக்களைப் பிள்ளைகளும் பாடத்தான் செய்கின்றன. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றன. அவை விடுமுறையை அறியாத பாட்டுக்கள்.

இவ்வளவையும் வன்னியின் ஓரூரில் வைத்துப் பார்க்கும்போதே சிக்கல் முழுமையாகத் தெரியும். ஸ்கந்தபுரம் கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன்குளத்தை அண்டிய குடியேற்றக் கிராமம். காடு வெட்டிக் களனியாக்கியோர் பலர் குடாநாட்டிலிருந்து வந்தவர். 1996 இற் கிளிநொச்சி நகர் போரில் வீழ்ந்தபோது அகதிகளாற் பெருகி, காட்டோரக் கிராமமாயிருந்தது கடைத்தெருவும் சனநெரிசலுமான ஊராயிற்று. 2008 இறுதியில் அதுவும் வெறுமையாயிற்று. போர் முடிந்த பின்னரே மக்கள் மீண்டனர். கட்டடம் எரிந்தும் புத்தகம் தொலைந்தும் போன இக்காலங்களில் மரநிழலிற் கற்ற பிள்ளைக்கு மிஞ்சியது எது? மனப்பாடமான பாட்டு. கரும்பலகையில் அடங்கவேண்டுமென்ற அந்தப் பழைய நிபந்தனை, கரும்பலகையும் இல்லாத காலத்தில் வன்னிக்கு உதவியது. சோமசுந்தரப் புலவர் தம் பாட்டுக்கு இப்படியொரு சோதனை வருமென நினைத்திருக்க மாட்டார்.

ஆனால் அப்பிள்ளை பாடிய பாட்டின் நிலம் குடாநாட்டு நிலம்: பனையும் பலாவும், கிணற்றுநீர் பாயும் கத்தரித்தோட்டமும். பாட்டுக்குப் பிறவூர் என்பதில்லை என்று இதற்கு விடையிறுக்கலாம். ஓரளவு உண்மையே, குடியேறியோர் தம் நினைவோடு கொண்டுவந்த நிலமும் அதுதான். குறை வேறிடத்தில் உள்ளது. வன்னியின் வாய்மொழி மரபிற் பண்டிப்பள்ளு உண்டு, குருவிப்பள்ளு உண்டு. விளைந்த வயலில் இறங்கும் பன்றியையும் குருவியையும் பாடுபொருளாய்க் கொண்டவை அவை. கொம்பன் யானையைப் பணியவைத்த அரியாத்தையின் கதையோ, ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்வதற்கென்றே அமைந்தது போன்றது. அதன் துயர முடிவைக் கண்டு பெரியோர் தயங்கக்கூடும், பிள்ளைகள் தயங்கார். மெற்றாஸ்மயில் முதலியோர் வன்னி நாட்டார் பாடல்களைத் தொகுத்து வைத்துள்ளனர். முல்லைமணி வன்னியின் வரலாற்றை நாடகமாக்கினார். ஆய்வாளனுக்கும் அரங்குக்கும் கிடைத்த இச்செல்வம் நாலாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஒரு நெடுங்கதையாகச் சென்று சேரவில்லை.

அதனை எழுதத்தக்கவர் யார் என்று தேடினால் மீண்டும் பள்ளிக்கூடத்து வாசலிலேயே வந்து நிற்கவேண்டியுள்ளது. வன்னிப் பாடசாலைகளிற் கற்பிப்போருள் வெளியூரிலிருந்து வந்துபோவோர் பலர். விடியுமுன் புறப்பட்டு, பஸ் மாறி, பிற்பகலில் அதே வழியே திரும்பும் நாள் அவர்களுடையது. அந்நாளிற் பாட்டுக்கு இடமுண்டு, நெடுங்கதைக்கு இல்லை. ஊரிலேயே வாழும் ஆசிரியனுக்கு மாலையில் வயலும் தோட்டமும் உண்டு. பரிசுப் போட்டிகளும் வெளியீட்டு விழாக்களும் அவர்களுக்கு மாலையைக் கொடுக்கின்றன, காலைப்பொழுதைக் கொடுப்பதில்லை. 1935 இல் ஒரு வித்தியாதிகாரி பாட்டுக் கேட்டார், பாட்டுக் கிடைத்தது. கதையைக் கேட்க எண்ணும் ஒரு திணைக்களமோ பல்கலைக்கழகமோ ஓராசிரியரை ஒரு தவணை காலம் வகுப்பிலிருந்து விடுவித்துப் பார்க்கலாம். அதற்காகும் செலவு ஒரு வெளியீட்டு விழாவின் பந்தற் செலவிலும் பெரிதாயிராது.

நவாலித் தோட்டத்துக்கு ஒரு வெருளி போதுமாயிருந்தது. ஸ்கந்தபுரத்து வயலுக்கு அது போதாது. பன்றிக்கும், சில காலங்களில் யானைக்கும், பரணும் பந்தமும் இரவு முழுதும் விழித்திருக்கும் மனிதரும் வேண்டும். அப்பரணிலே தகப்பனோடு விழித்திருந்து, காலையில் இரண்டாம் பாடவேளையில் மேசைமேல் தலைசாய்த்து உறங்கும் பிள்ளையை அறிந்தவர் அவ்வகுப்பின் ஆசிரியரே.