மேடையில் எமது மூதாதையரின் உடுப்பு

எமது வரலாற்று நாடகங்கள் பற்றி எழுதப்படும் விமர்சனங்களில் பிரதி, வசனம், நடிப்பு, இசை ஆகியன பேசப்படுகின்றன. உடை பற்றி யாரும் பேசுவதில்லை. 'உடையலங்காரம் சிறப்பாக இருந்தது' என்ற ஒரு வாக்கியத்துடன் அது முடிந்துவிடுகிறது. திரை விலகியதும், பாத்திரம் வாய் திறப்பதற்கு முன்னரே, பார்வையாளனுக்கு முதலில் வரலாறு சொல்வது உடுப்புத்தான். அந்த முதல் வாக்கியமே பிழையாக இருந்தால், பின்னால் வரும் வசனம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் என்ன பயன்?

எமது பாடசாலை மேடைகளிலும் கலைவிழாக்களிலும் இலங்கைக்கு வந்த அறபு வணிகன் எப்படித் தோன்றுகிறான்? கணுக்கால் வரை நீண்ட, இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி. சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துண்டு. அதன்மேல் கறுப்பு வளையம். இது இன்றைய வளைகுடா நாடுகளின் தேசிய உடை. இன்றுள்ள ஒரே சீரான வடிவத்தை அது பெற்றது 20ஆம் நூற்றாண்டில். 14ஆம் நூற்றாண்டில் காலியிலோ பேருவளையிலோ கரையிறங்கிய ஒருவனுக்கு இதை அணிவிப்பது, அவன் கையில் கைத்தொலைபேசியைக் கொடுப்பதற்குச் சமம். கைத்தொலைபேசியைக் கண்டால் சபை சிரிக்கும். அங்கியைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை. இதுவே என்னைச் சிந்திக்க வைத்தது.

அண்மையில் இளம் நாடகக்காரர் ஒருவர், 14ஆம் நூற்றாண்டுக் கடல் வணிகம் பற்றிய தமது பிரதிக்கு என்ன துணி வாங்குவது என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியின் பின்னால் சில மாதங்கள் அலைந்ததன் பயனே இக்குறிப்புகள்.

இக்காலத்துக்கான ஆதாரங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். முதலாவது ஓவியம். அல்-ஹரீரியின் 'மகாமாத்' நூலுக்கு 1237இல் அல்-வாஸிதி தீட்டிய சித்திரங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றில் வரும் மனிதர்கள் தலைப்பாகை கட்டியிருக்கிறார்கள். அகன்ற கைகளுடைய வண்ண அங்கிகள் அணிந்திருக்கிறார்கள். மேற்கையில் பட்டி ஓடுகிறது. கறுப்பு வளையத்தைத் தேடினால் கிடைக்காது. இரண்டாவது ஆவணம். கெய்ரோ கெனிஸாவில் கிடைத்த யூத வணிகர் குடும்பங்களின் கடிதங்களையும் சீதனப் பட்டியல்களையும் ஆராய்ந்த கொய்த்தீன், 1983இல் வெளிவந்த தமது நான்காம் தொகுதியில் உடை பற்றி விரிவாக எழுதியுள்ளார். மூன்றாவது துணியே. பழைய கெய்ரோவான புஸ்தாத்தின் குப்பை மேடுகளில் கிடைத்த இந்தியப் பருத்தித் துண்டுகள் 1,200 வரை ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் நூதனசாலையில் உள்ளன. ரூத் பார்ன்ஸ் 1997இல் அவற்றுக்கு விவரப்பட்டியல் வெளியிட்டார். அவற்றுள் பெரும்பாலானவை குஜராத்தில் அச்சுக்கட்டையால் பதிக்கப்பட்டு, அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் ஏற்றப்பட்டவை.

நான்காவது, எம்மவர் எல்லோரும் பெயர் அறிந்த இப்னு பதூதா. அவர் 1344இல் இலங்கைக்கு வந்ததை நாம் பெருமையுடன் சொல்கிறோம். அவர் துணி பற்றிச் சொன்னதை யாரும் வாசிப்பதில்லை. தென் அறேபியாவின் ழபார் நகரத்தவர் இந்தியாவிலிருந்து வரும் பருத்தியை உடுத்துவதாகவும், காற்சட்டைக்குப் பதிலாக இடுப்பில் துணியைச் சுற்றிக்கொள்வதாகவும் அவர் எழுதியிருக்கிறார். மாலைதீவு பற்றியும் ஏறத்தாழ இதையே சொல்கிறார். இலங்கைக் கறுவாவை மஃபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருவோர் விலை கொடாமல் எடுத்துச் செல்வதாகவும், பதிலுக்கு அரசனுக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாகக் கொடுப்பதாகவும் குறிப்பிடுகிறார்.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் சித்திரம் முற்றிலும் வேறு. தென் அறேபியக் கரையிலிருந்து வந்தவன் இடுப்பில் சுற்றியிருந்தது இந்தியத் துணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கு கரையில் நின்று அவனை வரவேற்றவனும் இடுப்பில் துணிதான் சுற்றியிருப்பான். 'அவர்களது உடை', 'எமது உடை' என்று எமது மேடை போடும் கோடு அந்தக் கடற்கரையில் இருந்திராது. எமது சொற்களும் இதற்குச் சாட்சி. கம்பாயம் என்ற சொல்லின் பின்னால் குஜராத்தின் கம்பாயத் துறைமுகம் இருப்பதாகக் கருதப்படுகிறது. சாரம் மலாய் மொழியிலிருந்து வந்தது. நாம் இன்றும் வீட்டில் உடுத்தியிருப்பது இந்து சமுத்திரத்தைத்தான்.

அடுத்து 19ஆம் நூற்றாண்டு. இங்கு துருக்கித் தொப்பியே எமது மேடையின் முத்திரை. அந்தத் தொப்பிக்கும் பிறந்த திகதி உண்டு. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829இல் அதனை உத்தியோகத்தர்களின் உடையாக்கினார். 1883 ஜனவரியில் ஒராபி பாஷாவும் தோழர்களும் நாடுகடத்தப்பட்டு இங்கு வந்த பின்னரே அது எம்மிடையே பரவலாயிற்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அதனை அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்ற அனுமதிக்கப்படாதபோது, மருதானைப் பள்ளிவாசலில் மாபெரும் கண்டனக் கூட்டம் கூடியது. கால் நூற்றாண்டு வயதுகூட நிரம்பாத ஒரு வழக்கத்துக்காக ஒரு சமூகம் திரண்டது என்பது எவ்வளவு பெரிய நாடகப் பொருள்! 1840களின் கடைக்காரனுக்கும் அதே தொப்பியை அணிவித்துவிட்டால், 1905இன் சூடு எங்கிருந்து வரும்? எப்போதும் இருந்த ஒன்றுக்கும், புதிதாகத் தேர்ந்துகொண்ட ஒன்றுக்கும் இடையிலான வேறுபாடு அழிந்துபோகிறது.

இக்காலத்துக்குப் புகைப்படங்கள் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஸ்கீன், பிளாட்டே ஆகிய நிலையங்கள் எடுத்த படங்களில் 'மூர் வியாபாரி' பலமுறை தோன்றுகிறான். ஆனால் அவற்றை வாசிக்கத் தெரிய வேண்டும். அவற்றுட் பல வெள்ளையருக்கு விற்பதற்காக எடுக்கப்பட்ட 'இன மாதிரி'ப் படங்கள். நிலையத்துக்குள் நிறுத்தி வைத்து எடுக்கப்பட்டவை. மேலும், அக்காலப் படத்தகடுகள் நீல ஒளியை மிகையாகவும் சிவப்பை அறவே குறைவாகவும் உணர்ந்தன. ஆகவே சிவப்புத் தொப்பி கறுப்பாகவும், நீலச் சாரம் வெள்ளையாகவும் விழும். படத்தைப் பார்த்துத் துணி வாங்குபவர் கறுப்புத் தொப்பியும் வெள்ளைச் சாரமும் வாங்கி வருவார். வண்ணம் தீட்டிய தபாலட்டைகளும் உதவா. அந்த வண்ணம், அந்த மனிதனைக் கண்டிராத ஒருவரின் தூரிகையிலிருந்து வந்திருக்கலாம். நிறத்துக்கு வான் டோர்ட் (1831–1898) போன்ற உள்ளூர் ஓவியர்களிடம் செல்வதே மேல். அவர்கள் தெருவில் நடமாடிய மனிதரைக் கண்ணால் கண்டவர்கள்.

நிறத்துக்கும் காலம் உண்டு. பேர்கின் முதல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தது 1856இல். செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது 1897இல். அதற்கு முந்திய சிவப்பு சாயவேரிலிருந்தும் மஞ்சிட்டியிலிருந்தும் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டப்பட்டது. அந்தச் சிவப்பு ஆழமானது, மினுங்காது. இன்று கடையில் கிடைக்கும் பொலியெஸ்டர் 1941இன் பின்னர் பிறந்த இழை. மேடை விளக்கின் கீழ் அது பளபளக்கும், வியர்வையை உறிஞ்சாது, மடிப்பு விழாது. பருத்தி உடம்போடு சேர்ந்து தொங்கும், நடிகனின் நடையையே மாற்றும். மருதமுனையில் தறியோசை கேட்கும் ஒரு நாட்டில் இருந்துகொண்டு நாம் ஏன் வெளிநாட்டுப் பளபளப்பை வாடகைக்கு எடுக்கிறோம்?

பெண்களின் நிலை இன்னும் மோசம். நிலையப் புகைப்படக்காரரின் முன்னால் எமது பெண்கள் அரிதாகவே நின்றனர். பயணிகள் வீட்டுக்குள் வரவில்லை. எனவே நாடகக்காரர் இன்றைய கறுப்பு அபாயாவை 1900ஆம் ஆண்டுக்கு அனுப்பிவிடுகிறார். சேலை முந்தானையை முக்காடாக இழுத்து விட்ட உம்மம்மாமாரைக் கண்டு வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடிருக்கும்போதே இது நடக்கிறது. அபாயா பரவலானது 1980களின் பின்னர். அதை உடுத்துவதும் விடுவதும் அவரவர் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. எனது வழக்கு, இல்லாத காலத்தில் அதை இருந்ததாகக் காட்டுவது பற்றியது.

'மேடை நூதனசாலை அல்லவே, குறியீடு போதாதா?' என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1962இல் வெளிவந்த 'லோரன்ஸ் ஒஃப் அறேபியா' படத்தின் உடையமைப்பாளர் பிலிஸ் டால்டன், கதை செல்லச் செல்ல லோரன்ஸின் வெள்ளை அங்கியின் துணியை மெல்லியதாக்கிக்கொண்டே போனார். மனிதன் நிழலாகத் தேய்வதை அவர் துணியால் சொன்னார். இதுவும் நிஜத்திலிருந்து விலகலே. அறிந்தவர் விலகினால் அது கலை. அறியாமல் விலகுவதற்குக் குறியீடு என்று பெயர் சூட்ட முடியாது.

இது வெறும் அழகியல் பிரச்சினையும் அல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் எமது இனத்துவம் பற்றி எழுதினார், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுத்து எழுதினார். நாம் யார் என்ற அந்த வாதம் பழக்கவழக்கங்களைச் சான்றாக வைத்தே நடந்தது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் அவசரகால விதிகளின் கீழ் முகத்திரை தடைசெய்யப்பட்டபோது, எமது உடையே மீண்டும் விசாரணைக் கூண்டில் நின்றது. இத்தகைய சூழலில், எமது மூதாதையரை நேற்றுத்தான் விமானத்தில் வந்திறங்கியவர்களாக மேடையில் காட்டுவது யாருடைய வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது? நூற்றாண்டுகளாக இந்த மண்ணின் சாயத்திலும் பக்கத்துக் கரைகளின் தறியிலும் தோய்ந்த ஒரு வாழ்வை நாமே கழற்றி எறிகிறோம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. எமது வீடுகளின் பழைய பெட்டகங்களில் கல்யாணச் சேலைகளும், வாப்பாமாரின் கம்பாயங்களும், செல்லரித்த தொப்பிகளும் இன்னும் கிடக்கின்றன. அவற்றை வீசுமுன், நீள அகலம் அளந்து, கரையின் வேலைப்பாட்டைப் படமெடுத்து, தையல் கையாலா இயந்திரத்தாலா என்று பார்த்து, யார் எப்போது உடுத்தியது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அடுத்த வரலாற்று நாடகத்தை எழுதப்போகும் பிள்ளைக்கு அந்தத் தாள் தேவைப்படும்.