இரண்டாம் முறையும் பயமுறுத்துகிறதா?

திகில் படங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடவை பார்த்துவிட்டுப் போடுகிறார்கள். எத்தனை இடத்தில் தூக்கிவாரிப்போட்டது என்பதுதான் அவர்கள் கணக்கு. தூக்கிவாரிப்போட வைப்பது பெரிய வித்தை அல்ல. நள்ளிரவில் அடுக்களையில் எவர்சில்வர் தட்டு விழுந்தாலும் அது நடக்கும். என் கணக்கு வேறு. கதை தெரிந்துவிட்டது. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் படம் பயமுறுத்துகிறதா? ‘கல்ட்’ என்று பெயரெடுத்த பழைய திகில் படங்களை இந்தக் கேள்வியை வைத்துத்தான் தரம் பிரிக்கிறேன். மக்கள் திரும்பத் திரும்பப் பார்த்ததால் வாழ்கிற படங்களுக்கு இதுதான் நியாயமான தேர்வு.

முதலில் ‘கேட் பீப்பிள்’ (1942). ஆர்சன் வெல்ஸின் படங்களில் கையைச் சுட்டுக்கொண்ட ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ, மலிவான பேய்ப்படங்கள் எடுத்துத் தரும்படி வால் லூட்டனிடம் ஒரு பிரிவை ஒப்படைத்தது. தலைப்பை ஸ்டூடியோ கொடுக்கும். செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. நீளம் 75 நிமிடத்துக்குள். லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் இந்தக் கெடுபிடிக்குள் எடுத்த படத்தில் மிருகம் கண்ணில் படுவதே அபூர்வம். தனக்குள் ஒரு சிறுத்தை இருப்பதாக நம்பும் இரீனா, கணவனோடு வேலை பார்க்கும் ஆலிஸை இரவில் பின்தொடர்கிறாள். பூங்காவை ஒட்டிய நடைபாதை. விளக்குக் கம்பங்களுக்கடியில் வட்ட வட்டமாக வெளிச்சம், நடுவே இருட்டு. இரண்டு ஜோடி குதிகால் செருப்புகளின் சத்தம். சட்டென்று ஒரு ஜோடி நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. ஓடுகிறாள். சீறல் ஒன்று பாய்கிறது. பார்த்தால், வந்து நிற்பது பேருந்து.

வெறும் பொருளைக் காட்டி அதிரவைக்கும் இந்த உத்திக்கு சினிமாக்காரர்கள் ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த பஸ் ஒன்றும் செய்வதில்லை. வரும் என்று தெரியும். அப்போது வயிற்றைக் கலக்குவது அதற்குச் சற்று முன்னால் நின்றுபோகும் அந்தக் காலடிச் சத்தம். செருப்பு ஏன் ஓய்ந்தது, இரீனா இப்போது எந்தக் கால்களால் நடக்கிறாள் என்ற கேள்வியைப் படம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. நீச்சல்குளக் காட்சியும் இப்படித்தான்: சுவரில் நெளியும் நீரின் ஒளி, ஓர் உறுமல், குளத்தின் நடுவில் கத்தும் ஒரு பெண். விளக்கைப் போட்டால் கிழிந்து கிடக்கும் ஓர் அங்கி. பிற்பாடு அலுவலகக் காட்சியில் கருஞ்சிறுத்தையை நேராகவே காட்டிவிடுகிறார்கள். அங்கே ஒரு மதிப்பெண்ணைக் கழிக்கிறேன். 10-க்கு 9.

அடுத்தது ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962). ஹெர்க் ஹார்வி, கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் பாடப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து நின்ற ‘சால்ட்ஏர்’ கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகும்போது பார்த்தார். அந்தக் கட்டடத்துக்காகவே கதை எழுதச் சொன்னார். அவர் இயக்கிய ஒரே முழுநீளக் கதைப்படம் இது. வெளிறிய முகத்தோடு நாயகியைத் துரத்தும் ஆவியாக நடித்தவரும் அவர்தான்.

ஆற்றில் விழுந்த காரிலிருந்து தப்பிக் கரையேறும் மேரி, வேறு ஊரில் தேவாலய ஆர்கன் வாசிக்கும் வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் துணிக்கடையில் இருக்கும்போது உலகத்தின் சத்தம் அணைந்துவிடுகிறது. அவள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. அவளை யாரும் பார்க்கவும் இல்லை. பூங்காவில் ஒரு பறவை கூவிய பிறகுதான் ஊர் மறுபடி உயிர் பெறுகிறது. மௌனத்துக்குச் செலவு கிடையாது. ஆனால் அதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

படத்தில் குறைகள் ஏராளம். பின்னால் சேர்த்த குரல்கள் உதட்டோடு ஒட்டவில்லை. துணை நடிகர்கள் விறைத்து நிற்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால், முடிவு தெரிந்து பார்க்கும்போது இந்தக் குறைகளே கைகொடுக்கின்றன. மேரிக்கும் மற்ற மனிதர்களுக்கும் நடுவே ஏதோ ஒட்டாமல் இருப்பதுதானே கதை! இயக்குநர் இதைத் திட்டமிட்டாரா, தானாக அமைந்ததா என்பதை நான் பார்ப்பதில்லை. திரையில் இருப்பதற்குத்தான் மதிப்பெண். 10-க்கு 8.

இதைச் சொன்னதும், காசில்லாமல் எடுத்ததெல்லாம் கலை என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். எட் வுட்டின் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படமும் கல்ட்தான். அதில் வரும் நடிகர் பேலா லுகோசி 1956-ல் இறந்துபோனதால், மிச்சக் காட்சிகளில் வேறொருவர் கறுப்பு அங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடுகிறார். நண்பர்களோடு உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கலாம், அது ஒரு சுகம். ஆனால் அது சிரிப்புக் கணக்கு. பயத்தின் கணக்கில் அதற்குப் பூஜ்யம்தான். வறுமை லூட்டனை யோசிக்க வைத்தது, வுட்டை அவசரப்படுத்தியது.

என் பட்டியலில் முதலிடம் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) படத்துக்கு. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சுமார் 1,14,000 டாலரில் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது பழைய தலைப்பு அட்டையோடு காப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு நஷ்டம்; ஆனால் யார் வேண்டுமானாலும் பிரதி போட முடிந்ததால் படம் எங்கும் பரவியது.

செத்தவர்கள் எழுந்து வந்து மனிதர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் அடைபட்டிருக்கிறார்கள். முதல் முறை பார்க்கிறவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாம் முறை வீட்டுக்குள் நடக்கும் சண்டையைக் கவனியுங்கள். நிலவறைக்குள் போய்த் தாழ்போட வேண்டும் என்கிறான் சிடுமூஞ்சி ஹாரி. மேல்தளத்தில் நின்று சமாளிக்கலாம் என்கிறான் பென். நிதானமும் துணிச்சலும் உள்ள பென்னின் பக்கம்தான் நாம் சாய்வோம். கடைசியில் பென் அந்த இரவைத் தாண்டுவது எங்கே? அதே நிலவறையில். நமக்குப் பிடித்தவன் சொன்னது தப்பு, பிடிக்காதவன் சொன்னது சரி என்று படம் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறது. விடிந்ததும் காப்பாற்ற வந்தவர்களே பென்னை, செத்து எழுந்தவன் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் அந்தக் காட்சி திரைக்கு வந்தது. உடலை இழுத்துப்போவதை நாளிதழ்ப் புகைப்படங்கள் போன்ற சொரசொரப்பான நிழற்படங்களாகக் காட்டி முடிக்கிறார் ரொமேரோ. பார்பராவைப் பாதிப் படத்துக்குப் பேச்சு மூச்சில்லாமல் சோபாவில் உட்கார வைத்ததற்காக அரை மதிப்பெண் குறைத்து, 10-க்கு 9½.

மூன்றையும் பார்க்க நினைப்பவர் டூர்னரில் தொடங்கி ரொமேரோவில் முடிக்கலாம். ஒன்றை மட்டும் தவிர்க்கவும்: ‘நைட்’ படத்துக்கு 1986-ல் வண்ணம் பூசி விட்ட பதிப்பு. ரொமேரோ குழுவினர் ரத்தத்துக்குப் பயன்படுத்தியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் மட்டும்தான் அது ரத்தம்.