பழனி மலைத் தாவரங்களின் தமிழ்ப் பெயர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழனி மலைத் தொடரின் உச்சிப் பிரதேசத்துக்கு ஏறிச் சென்ற ஆங்கிலேய நில அளவையாளர்களும் வைத்தியர்களும் எழுதிவைத்த குறிப்புகளில், அம்மலைக்கு வழங்கிய வராககிரி என்னும் அழகிய பெயர் 'வுர்ரகெர்ரி' என்று உருக்குலைந்து கிடக்கிறது. பழனியோ, 'புல்னி' என்றும் 'பல்னி' என்றும் மாறி மாறி வேஷம் பூண்டு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த தாவர நூலின் முகப்பு வரைக்கும் அந்த வேஷத்தைக் கலைக்காமலே வந்து சேர்ந்திருக்கிறது. மலைக்கே இந்தக் கதி என்றால், அதன் சோலைகளிலும் புல்வெளிகளிலும் முளைத்துக் கிடக்கும் செடிகொடிகளின் தமிழ்ப் பெயர்கள் தாவர சாஸ்திரிகளின் கையில் என்ன பாடு பட்டன என்பதை விசாரிப்பது வீண் வேலை ஆகாது.

முதலில் அவர்களுக்குச் சேர வேண்டிய புகழைச் சேர்த்துவிட வேண்டும். 1836-ல் இம்மலைக்கு வந்த ராபர்ட் வைட், நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களை 1915 முதல் 1920 வரை மூன்று பகுதிகளாக விவரித்த ஃபைசன், திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினட் தாவர உலர்பதனகத்தை நிறுவி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-ல் வெளியிட்ட பாதிரியார் மாத்யூ ஆகிய இவர்களெல்லாம் உழைத்திராவிட்டால், இம்மலையில் இருந்தது எது, இல்லாமற் போனது எது என்று இன்று சொல்வதற்கே ஆதாரம் இராது. சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிள், லத்தீன் பெயருக்கு அருகில் தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களையும் குறித்துச் சென்றார். அவர் வன இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். மரத்தின் நாட்டுப் பெயர் தெரியாத அதிகாரி மரம் வெட்டுகிறவனிடம் வாய் திறக்கவே முடியாது என்பது அவருக்கு அனுபவ பூர்வமாகத் தெரிந்திருக்கும். நோக்கம் வியாபார சம்பந்தமானதேயானாலும், அதனால் விளைந்த பலன் பெரிது. லத்தீன் பெயர் ஒரு நாட்டாருக்கும் உரியதன்று. பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெயரோ, அந்தச் செடியை மருந்துக்கும் வேலிக்கும் விறகுக்கும் எடுத்த மக்களிடம் மீண்டும் போய்க் கேட்பதற்கு ஒரு வாசலாக இருந்தது.

ஆனால் அந்த வாசலின் நிலைப்படி கோணலாக வைக்கப்பட்டுவிட்டது. தமிழின் லகர, ளகர, ழகரங்களையும், குறில் நெடில்களையும் அடையாளம் ஏதுமின்றி ரோம எழுத்துகளில் இறக்கியதால், வி, ஏ, எல், ஏ, ஐ என்னும் ஐந்து எழுத்துகள், விருப்பாச்சியிலும் சிறுமலையிலும் விளைகிற வாழையையும், ஆற்றில் பிடிபடுகிற வாளை மீனையும், அதைப் பிடித்த வலையையும், எலி தோண்டிய வளையையும் ஒருங்கே குறிக்கும் விசித்திர நிலை உண்டாயிற்று. கிழங்கு தரும் வள்ளியும், கொடி என்று மட்டும் பொருள்படும் வல்லியும் அவ்விதமே ஒன்றாகிவிடுகின்றன. புளிக்கும் புலிக்கும் ரோம எழுத்தில் பேதமே இல்லை. கொடைக்கானலுக்கு அருகில் டைகர் ஷோலா என்று வழங்கும் சோலைக்கு ஆங்கிலேயர் ஆங்கிலப் பெயரையே வைத்தது ஒருவகையில் நல்லதாயிற்று. இல்லாவிட்டால், அந்தக் குளிரில் புளிய மரம் எப்படி வளர்ந்தது என்று யாராவது ஓர் ஆராய்ச்சியாளர் கட்டுரை எழுதியிருப்பார்.

இத்தகைய அவதி நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஹவாய்த் தீவினரின் மீன் பெயர்களை ஆங்கிலத்தார் நெடுங்காலம் நெடிற் குறியும் தொண்டை அடைப்பின் குறியும் இன்றியே எழுதிவந்தனர். அம்மொழியில் 'மனோ' என்று நீட்டினால் சுறா; 'மனொ' என்று குறுக்கினால் நாலாயிரம் என்னும் எண், அல்லது எண்ணிறந்த கூட்டம். குறி இல்லாத எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். 1957-ல் புக்குயி, எல்பர்ட் இருவரும் வெளியிட்ட அகராதி அக்குறிகளை ஒழுங்காகப் பிரயோகித்த பின்னரே சீர்திருத்தம் மெல்லப் பரவியது. வேடிக்கை என்னவென்றால், ஒகர ஓகார பேதத்தைத் தமிழ் எழுத்து எவ்விதக் கூடுதல் குறியும் இன்றியே காட்டிவிடுகிறது. இன்னொரு நுட்பமும் அவர்களிடம் உண்டு: மடவை இனத்தைச் சேர்ந்த ஒரே மீனுக்குக் குஞ்சுப் பருவத்திலிருந்து முழு வளர்ச்சி வரை பருவத்துக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். இளம் பனையை வடலி என்றும், மாம்பிஞ்சை வடு என்றும் சொல்கிற நமக்கு இது புதிதன்று. ஆயினும் ஓர் இனத்துக்கு ஒரு பெயர் என்று கட்டம் போட்டுக்கொண்டு வருகிற நூலாசிரியனுக்கு இப்பெயர்களெல்லாம் வெறும் மறுபெயர்களாகவே தோன்றும்.

எழுத்துப் பிழையையாவது தமிழறிந்தவர் ஒருவர் உட்கார்ந்து திருத்திவிடலாம். அதைவிடக் கொடியதென்று நான் கருதுவது வேறொரு குறை. உலர்பதனகத்தில் ஒரு தாளை எடுத்துப் பாருங்கள்: அழுத்தி உலர்த்திய கிளை, அதன் வலப்புறக் கீழ் மூலையில் ஒட்டிய சீட்டு, அதில் சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், தேதி, இடம், கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை உயரம் என்று ஒன்றுவிடாமல் இருக்கும். செடியின் நாட்டுப் பெயர் எழுதப்பட்டிருந்தால், அதைச் சொன்னவர் யார், எந்த ஊர், எந்த வகுப்பார் என்பது மாத்திரம் பெரும்பாலும் இராது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டும் கிழங்கும் பயிரிடும் குன்னுவர் ஒரு செடியைப் பார்க்கிற பார்வையும், தேனெடுத்தும் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டியும் வாழ்ந்த பளியர் அதைப் பார்க்கிற பார்வையும் ஒன்றாக இருக்க நியாயமில்லை; கீழ்நாட்டிலிருந்து கூட வந்த சுமைகூலியோ தனக்குத் தெரிந்த சமவெளிப் பெயரைச் சொல்லிவைப்பான். மலை உச்சியில் செந்நிறமாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்துக்குக் காட்டுப்பூவரசு என்னும் பெயர் நூல்களில் ஏறியிருக்கிறது. கடற்கரையோரப் பூவரசுக்கும் அதற்கும் குல சம்பந்தம் எதுவும் இல்லை. சமவெளிக் கண்ணோடு மலையைப் பார்த்தவன் இட்ட பெயர் இது என்பது என் ஊகம். செண்பகனூரின் பெயரிலேயே நிற்கும் செண்பகமும் அத்தகையதே: தோட்டத்து மஞ்சள் செண்பகம் வேறு, சோலையில் வெண்மையாகப் பூக்கும் செண்பகம் வேறு. செம்போத்துப் பறவையையும் செண்பகம் என்பார் உண்டு. எந்தச் செண்பகத்தை எவர் சொன்னார் என்று குறிக்காத பதிவு பாதிப் பதிவே.

இதற்குப் பரிகாரம் செய்யப் புகுந்த நம் காலத்தவர் இரண்டு தவறான வழிகளில் போகிறார்கள். ஒன்று, ரோம எழுத்தில் கண்டதை மீண்டும் தமிழில் ஒலிபெயர்த்துப் பலகைகளில் எழுதுவது. இதனால் ழகரம் லகரமாகிப் பிழை தமிழுக்கே குடிவந்துவிடுகிறது. மற்றொன்று, மக்களிடம் பெயரே இல்லாத செடிக்கெல்லாம் லத்தீனைப் பிளந்து புதுப் பெயர் சமைப்பது. குறிஞ்சியைப் பாருங்கள். கருநிறக் காம்பும் தேனும் உடைய பூவென்று சங்கப் புலவர்கள் கண்டு சொன்ன செடி. 2006-லும் 2018-லும் இம்மலையில் பூத்த செடி. அதன் லத்தீன் பெயரின் பிற்பகுதி, சைலண்ட் வேலியில் ஓடும் குந்திப்புழையைக் குறிக்கிறது என்று கற்றவர்களும் நம்பி எழுதுகிறார்கள். உண்மையில் அது, நீஸ் என்னும் ஜெர்மானியர், சக தாவர சாஸ்திரியான குந்த் என்பவருக்குச் செய்த மரியாதை. மேலும், குறிஞ்சியின் பேரினத்தில் வெவ்வேறு கால இடைவெளியில் பூக்கும் பல செடிகள் உள. அவற்றுக்கெல்லாம் அடைமொழி சேர்த்துக் குறிஞ்சிப் பெயர் சூட்டினால், பட்டியல் நிறையும். மலையில் ஒருவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பி. எல். சாமி போன்றவர்கள் சங்க நூற் செடிகளை அடையாளம் காண முயன்றபோது கைக்கொண்ட எச்சரிக்கை இங்கே பின்பற்றத் தக்கது: இலக்கியச் சான்று, வழக்குச் சான்று, தாவரச் சான்று மூன்றும் ஒத்து வந்தாலன்றித் துணியக் கூடாது. சீட்டில் தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, சொன்னவரின் ஊரையும் சமூகத்தையும், செடியின் எந்தப் பருவத்துக்கு அப்பெயர் என்பதையும் சேர்த்துவிட்டால், இரண்டு அங்குலத் தாளில் அது அடங்கிவிடும். இப்படிக் கேட்டு எழுதுவது நேரம் பிடிக்கும் வேலை, ஒரே செடிக்கு நாலு பெயர் சேர்ந்து குழப்பும் என்று ஆட்சேபிப்பார்கள். குழப்பட்டும், நாலு பெயர் இருப்பதுதான் அங்குள்ள உண்மை. பெயர் இல்லை என்று ஒரு பளியர் சொன்னால், அதையும் அப்படியே எழுதிவைக்க வேண்டும்.